பழைய வழக்கும் புதிய உத்தியோகமும்

ஜமுனாமரத்தூர் மலையூர்களில் கல்வி கற்ற இளைஞர்கள் இன்று காவல் துறை, வனத் துறை, தனியார் ஆலைகள் முதலியவற்றில் உத்தியோகம் நாடுகின்றனர். தேர்வில் வென்ற பின்னரும் அவர்கள் கடக்க வேண்டிய படி ஒன்றுண்டு. அதுவே நன்னடத்தை பற்றிய போலீஸ் விசாரணை.

ஜவ்வாது மலையில் இது சிறிய விஷயமன்று. சாமை விளைச்சல் குடும்பத்துக்குப் போதாத நிலையில், தரகர் சொல்லை நம்பி ஆந்திரக் காடுகளுக்குச் சென்று, செம்மர வழக்குகளில் சிறை புகுந்தோர் பலர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டதை நாம் மறக்கவியலாது. உயிரோடு மீண்டோரை வழக்கு என்னும் நிழல் தொடர்கிறது.

‘ஒருமுறை வழக்கு ஏறினால் ஆயுள் முழுதும் வேலை இல்லை’ என்று கருதுவது தவறு. பணம் கொடுத்தால் பதிவை அழித்துவிடலாம் என்று எவரேனும் கூறினால் அதுவும் பொய்யே. சட்டம் கூறுவது யாது?

முதலாவது, 18 வயது நிறையாதோர். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி, சிறுவயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் தகுதிக்குறைவு நேராது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் பதிவேடுகளும் அழிக்கப்படல் வேண்டும். 16 வயது நிறைந்து, கொடிய குற்றத்துக்காகப் பெரியவர் போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியெனக் காணப்பட்டோர் மட்டும் இதற்கு விலக்கு.

இரண்டாவது, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, தண்டனைக்குப் பதிலாகக் கண்டித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டோர். குற்றத்தீர்ப்பால் விளையும் தகுதிக்குறைவு இவர்களைச் சாராது என்கிறது 12-ஆம் பிரிவு. எனினும் நடந்த செயலை வேலை தருவோர் கருத்திற் கொள்ளலாம்.

மூன்றாவது, விடுதலை பெற்றோர். விடுதலையானதால் மட்டும் பதிவு தானே மறைவதில்லை. ஆதலால் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் இன்றியமையாதது. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த காலம் கழிந்தபின் பல பழைய தண்டனைகள் செல்லாதனவாகக் கருதப்படும். வயது வந்தோர் யாவர்க்கும் பொதுவான அத்தகைய சட்டம் நம் நாட்டில் இல்லை.

விண்ணப்பத்தில் கேட்கும் வினாவுக்கு உண்மையே எழுதுக. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தரும் தகவல் உண்மையாயிருத்தல் வேண்டும் என்றும், அற்ப வழக்காயின் மறைத்த பிழையையும் மன்னிக்கலாம் என்றும் கூறியது. ஆனால் உண்மை உரைத்தாலும் நியமனம் பெறுவது உரிமையாகிவிடாது. முடிவு அதிகாரிகளின் ஆய்வைப் பொறுத்தது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவர், சிறுவயது வழக்கைத் தாமே தெரிவித்தும் மறுக்கப்பட்டார்; 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

பழங்குடியினர்க்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. திருவண்ணாமலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்புமுன் இவ்வுதவியை இளைஞர் பெறும்படி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் வழிகாட்டுவார்களாக.