பச்சிளம் குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லையா? முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியவை

பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் பல தாய்மார்களுக்கு வரும் முதல் கவலை, "பால் சுரக்கவில்லையே" என்பதுதான். பிள்ளை அழுதால் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுக்கச் சொல்வதும் உண்டு. அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களாக இருந்தாலும் மலாக்கா நகரமாக இருந்தாலும், இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு எதையும் ஊட்டிவிடக் கூடாது.

முதல் சில நாள்களில் சுரப்பது சீம்பால். அளவு குறைவுதான், ஆனால் பச்சைக் குழந்தையின் வயிறும் மிகச் சிறியது. பெரும்பாலான தாய்மார்களுக்கு மூன்றாம், நான்காம் நாளில் பால் பெருகும். அதுவரை குழந்தை அடிக்கடி சப்பினால்தான் சுரப்பு கூடும். தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை சப்பாது, சுரப்பும் குறையும். தேனை ஒரு வயது வரை கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

தவறான பால் உயிரைப் பறிக்கும் என்ற எச்சரிக்கை நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1939இல் சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவாகப் பரப்பியதை அவர் கடுமையாகக் கண்டித்தார். ரொட்டிக்கும் தேநீருக்கும் ஊற்றும் அந்தப் பால் இன்றும் குழந்தைக்கு ஆகாது.

பால் போதுமா என்பதை அழுகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் குறைந்தது 6 முறை சிறுநீர் கழிக்க வேண்டும். கறுப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும்.

குடிக்கச் சிரமப்படும் குழந்தைகளில் பலருக்குக் காரணம், மார்பைப் பிடிக்கும் விதம்தான். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்குப் புண்ணாகும், குழந்தைக்குப் பால் வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். குறைமாதப் பிறப்பு, நாக்கு ஒட்டியிருப்பது, அண்ணப் பிளவு போன்றவையும் காரணமாகலாம். வீட்டுக்கு வரும் தாதியிடம் ஒருமுறை பால் கொடுத்துக் காட்டினால், அவர் பார்த்துத் திருத்துவார்.

மருத்துவர் பால் மாவு கொடுக்கச் சொன்னால் தாய் மனம் நோக வேண்டியதில்லை. ஆனால் டின் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கக் கூடாது.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள்கள். வேலைக்குத் திரும்பிய பின்னும் பாலைப் பிழிந்து வைக்கலாம். சாதாரண வெப்பநிலையில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள் வரை வைத்திருக்கலாம்.

அழும் குழந்தையைவிட, எழுப்பினாலும் எழாமல் தூங்கும் குழந்தையே அதிக ஆபத்தில் இருக்கலாம். "நல்ல பிள்ளை, தொல்லையே இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். பால் போதாவிட்டால் மஞ்சள் காமாலை கூடும். கூடினால் குழந்தை மேலும் சோர்ந்து பால் குடிக்காது. கடுமையான காமாலை மூளையையும் செவியையும் பாதிக்கும். வெயிலில் காட்டுவது இதற்குச் சிகிச்சை ஆகாது.

பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், உடல் மஞ்சளாதல், காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே சுகாதார கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்திருக்கும். மூச்சுத் திணறினால் உடனே 999ஐ அழையுங்கள்.