அப்பா வேஷம் கலைந்தது! நர்சு உடையில் வந்த துப்பறியும் பெண்

கேபரோன் நகரில் ஒரு பெண் வீட்டுக்குத் திடீரென வந்தான் ஒரு ஆசாமி. சிறு வயதில் விட்டுப்போன அப்பா நான்தான் என்றான். சோறு, படுக்கை எல்லாம் ஓசி!

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். துப்பறியும் பெண்மணி பிரஷியஸ் ரமோட்ஸ்வேயிடம் ஓடினாள்.

மாட்டை விற்ற காசு

இந்த அம்மாளின் தந்தை சுரங்கத் தொழிலாளி. அவர் விட்டுப்போன மாடுகளை விற்றுத்தான் ஏஜென்சி திறந்தார். பொம்பளையால் துப்பறிய முடியுமா என்று வக்கீலே இளக்காரமாகக் கேட்டார்.

குட்டி வேன், 2 மேஜை, டெலிபோன், டீ பாத்திரம். இவ்வளவுதான் சொத்து. தோற்றால் மாடும் போச்சு, மானமும் போச்சு!

ரத்தம் கேட்டதும்...

நர்சு உடை மாட்டிக்கொண்டு ஆசாமியிடம் போனார். மகள் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறாள், அப்பாவின் ரத்தம் நிறைய வேண்டும், கொடுப்பவர் உயிருக்கே ஆபத்து வரலாம் என்றார்.

ஆசாமி வெலவெலத்துப் போனான். நான் அவள் அப்பாவே இல்லை என்று உண்மையைக் கக்கினான்!

இது 1998-ல் வெளியான "நெம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி" நாவலின் முதல் கேஸ். எழுதியவர் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித். போட்ஸ்வானாவில் சட்டம் கற்பித்தவர். 2008-ல் டெலிவிஷனிலும் வந்தது.

துப்பாக்கி இல்லை, அடிதடி இல்லை. பெற்றவன் பிள்ளைக்காக உயிரையும் கொடுப்பான் என்ற ஒரே கணக்கு. போலி அதில் மாட்டிக்கொண்டான்.