பெயரும் பெயருடையாரும்

வகுப்பில் இடாப்பு வாசிக்குமிடத்து ஆசிரியர் நம் பெயரைச் சிதைத்து அழைத்தால், "அப்படியன்று, ஐயா" என எழுந்து திருத்தினோம். அவ்வாறு எழுந்து கூறும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, மலையும் காடும் சூழக் கிடப்பது லக்கல. அதனை அணைந்து நிற்கும் மலைத்தொடரைத் தும்பறை என்பது நாட்டு வழக்கு. மடக்கிய கையின் விரல்முட்டுக்களை அதன் சிகரங்களிற் கண்ட ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என்றனர். உலகெங்கும் பரவியது அவர் இட்ட பெயரே. மலை இதற்கு வருந்துவதில்லை, மக்கள் அத்தகையரல்லர்.

லக்கலவுக்குத் தென்கிழக்கே, மகாவலிக்கு அப்பால், மகியங்கனைப் பகுதியிலுள்ளது தம்பானை. அங்கு வாழும் பழங்குடியினரை நாம் வேடர் என்கிறோம். சிங்களவர் வெத்தா என்பர். அவர்களோ தம்மை 'வன்னியல எத்தோ' என்பர். காட்டகத்து மக்கள் என்பது அதன் பொருள்.

வேடர் என்பது தமிழில் இழிசொல்லன்று. கண்ணப்பர் வேடர், வள்ளியை வளர்த்தவரும் வேடரே. ஆயினும் அச்சொல் தொழிலைச் சுட்டுகின்றது. அவர்தம் சொல்லோ நிலத்தைச் சுட்டுகின்றது. இவ்வேற்றுமை சிறிதன்று. 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசிய பூங்கா நிறுவப்பட்டபோது, அவர்கள் தலைமுறைதோறும் வேட்டையாடியும் தேனெடுத்தும் வந்த காடு அதன் எல்லையுள் அடங்கிற்று. வேட்டை குற்றமாயிற்று, குடும்பங்கள் பல புதுக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. தொழில்பற்றி நாம் இட்ட பெயர் அவர்க்கு அரணாகவில்லை. அவர்தம் பெயரைக் கேட்டறிந்திருப்பின், காட்டினின்று அவரைப் பிரித்தல் எத்தகையது என்பது அச்சொல்லிலேயே விளங்கியிருக்கும்.

அவ்வாறாயின் தொழிற்பெயர் யாவும் குறையுடையனவோ? அமெரிக்காவின் துஸ்கரோரா மக்கள் இதற்கு விடை தருவர். நார்ச்செடி திரட்டுவோர் எனப் பொருள்படும் அவர்தம் சொல்லே பிறர் வாயில் அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். வட கரோலினாவில் வாழ்ந்த அவர்களுட் பலர், 1711 முதல் 1715 வரை குடியேற்றக்காரருடன் நடந்த போரிற் தோற்று, வடக்கே நியூயோர்க் நாட்டுக்குப் பெயர்ந்தனர். அங்கு இரோக்குவா கூட்டமைப்பு 1722 அளவில் அவர்களை ஆறாவது இனமாக ஏற்றது. பழைய நிலம் போயிற்று. பெயர் உடன் சென்றது. தாமே இட்டுக்கொண்ட பெயராதலின் அது அவர்களைப் பிணித்து நின்றது.

நம் கிழக்குக் கரையிலும் இதனைக் காணலாம். வாகரைப் பகுதியில் தமிழ் பேசி வாழும் பழங்குடியினர் வேடர் என்றே தம்மை அழைப்பர். ஆதலின் அச்சொல்லை யாண்டும் விலக்குக என்பது எம் கருத்தன்று. தம்பானையார்க்கு ஒரு பெயர் உகந்தது, வாகரையார்க்குப் பிறிதொன்று. எப்பெயர் எவர்க்கு உரியது என்பதை அவரிடமே வினவி அறிதல் வேண்டும்.

பல்லாண்டு கழிந்து கல்லூரி முற்றத்திற் கூடும் நாம், பெயர் சொல்லி அழைக்கப்படும்போது மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி பிறர்க்கும் உரியதென உணர்தல் கற்றார்க்கு அழகாகும்.