கிராமப் பள்ளியின் தலைவர்

ஒரு கிராமத்தின் மேன்மையை அறிய வேண்டுமானால் கோயில் கோபுரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து சேருகிறார்களா, கரும்பலகையில் இன்றைய தேதி எழுதியிருக்கிறதா, குடிதண்ணீர்ப் பானை மூடியிருக்கிறதா என்று கவனித்தாலே, அங்கே தலைவர் ஒருவர் இருக்கிறாரா, அல்லது அவருடைய நாற்காலி மாத்திரம் இருக்கிறதா என்பது விளங்கிவிடும்.

பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் தலைமையாசிரியருக்குத் தனி அறை உண்டு; குமாஸ்தாவும் சேவகனும் உண்டு. கிராமத்துச் சிறு பள்ளியில் இவையெல்லாம் ஏது? 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது அதன் அட்டவணை. வகுப்பாசிரியர்களுக்கு மேலாகத் தலைமையாசிரியர் ஒருவர் வேண்டும் என்று அது சொல்வது, பிள்ளைகளின் தொகை 150-க்கு மேற்பட்ட பிறகுதான்!

இதன் பலன் என்ன? ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அவ்விருவரில் ஒருவரே தலைமையாசிரியர். பாடம் சொல்பவரும் அவரே. வருகைப் பதிவேட்டுக்கும் உணவுக் கணக்குக்கும் பதில் சொல்பவரும் அவரே. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் புறப்பட்டுவிட்டால், மிஞ்சிய ஒருவர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்க வேண்டும். ஆசிரியர்களைக் கல்விக்குப் புறம்பான வேலைகளில் ஈடுபடுத்தலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. ஆயினும் ஜனத்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. வகுப்பில் கழிய வேண்டிய பொழுது இவ்வாறு கரைந்தால் நஷ்டம் யாருக்கு? தனிப்பாடம் வைத்துக்கொள்ள வசதியற்ற ஏழைக் குழந்தைக்குத்தான்.

இத்தகைய பாரத்தைத் தனி ஒருவர் சுமக்க இயலாது என்பதை நம் நாட்டுப் பெரியோர் அன்றே உணர்ந்திருந்தனர். காமராஜ் முதன்மந்திரியாக இருந்தபோது, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. கல்வித் துறையின் தலைமையில் நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். 1958-ல் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பின்னர் ராஜ்யமெங்கும் அத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைப்பதுதான் அவற்றின் முறை. ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் பெஞ்சு தந்தார். கையில் காசில்லாதவர் உடலுழைப்பைத் தந்தார். "சர்க்கார் பள்ளிக்கூடம்" என்றிருந்தது "எங்கள் பள்ளிக்கூடம்" ஆயிற்று. அந்தப் பட்டியலைத் தயாரித்து, கூச்சமின்றி ஊராரிடம் சென்று கேட்ட தலைமையாசிரியர்களே இயக்கத்தின் அச்சாணி.

இன்றும் அதற்கு வழி அடைபடவில்லை. மேற்படி சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் அங்கத்தினரில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதுகாவலரும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் கடமை. கையெழுத்துக்காக மட்டும் கூடிக் கலையும் குழுவினால் தலைமையாசிரியருக்கு இன்னொரு பதிவேடுதான் மிச்சம். வாய் திறந்து கேள்வி கேட்கும் தாய்மார்கள் நாலு பேர் அமைந்துவிட்டாலோ, அவருக்கு அதைவிடப் பெரிய பக்கபலம் வேறில்லை.

நேயர்களில் பலருக்குச் சொந்த ஊர் என்று ஒரு கிராமம் இருக்கும். திருவிழாவுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் அங்கே போய் வருகிறோம். அடுத்த முறை பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்துப் போவோம், தலைமையாசிரியரைக் கண்டு வணங்கி, "பள்ளிக்கு என்ன வேண்டும், ஐயா?" என்று கேட்போம். அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் நம்மால் கொடுக்கக் கூடியதாகவே இருக்கும்.