நாடு நாடாய்ச் சென்ற பந்தாட்டக்காரர்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்துக் கல்ஃப்போர்ட் நகரில், 1969ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கிறிஸ் ஜாக்சன் என்னும் குழந்தை பிறந்தது. தந்தையின் துணையில்லாத ஏழைக் கறுப்பினக் குடும்பம். தாயின் உழைப்பே வீட்டின் வாழ்வாதாரம். சிறு வயது முதலே அச்சிறுவனின் தலையும் கழுத்தும் அவன் விருப்பத்தைக் கேளாமல் துடிக்கும். தொண்டையிலிருந்து திடீரெனக் குரல் எழும். டூரெட் எனப்படும் நரம்புக் கோளாறு அது என்று மருத்துவர் கண்டறிந்தபோது அவனுக்கு வயது 17.

நோயே அவனுக்கு ஆசானாகவும் அமைந்தது எனலாம். கூடையில் விழும் பந்து மனத்துக்குச் 'சரி' என்று படும்வரை ஆடுகளத்தைவிட்டு அகல முடியாது. வளையத்தைத் தொடாமல், வலையின் ஓசை மட்டும் கேட்கும்படி பந்து விழவேண்டும்; அதுவும் தொடர்ச்சியாகப் பலமுறை. நடுவில் ஒன்று பிசகினால் மீண்டும் முதலிலிருந்து. இவ்வாறு பழகிய கரம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் முதலாண்டிலேயே (1988-89) ஆட்டத்துக்குச் சராசரியாக 30.2 புள்ளிகள் குவித்தது. முதலாண்டு மாணவர் எவரும் அதற்குமுன் அந்த அளவை எட்டியதில்லை. 1990இல் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் டென்வர் நகெட்ஸ் அணி அவரை மூன்றாவது தேர்வாக எடுத்துக்கொண்டது.

பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேல் பிரவுன் மால்கம் எக்ஸின் சுயசரிதையை அவர் கையில் கொடுத்திருந்தார். வாசிப்பு தேடலாக வளர்ந்தது. 1991இல் இஸ்லாத்தை ஏற்றார். 1993இல் மஹ்மூத் அப்துர் ரவூஃப் என்று பெயரை மாற்றிக்கொண்டார். புகழுக்குரியவர், பேரன்புடையோனின் அடியார் என்பது இப்பெயரின் பொருள். ஆட்டம் நடக்கும் பருவத்தில் ரமலான் வந்தாலும் நோன்பை விடவில்லை. எதிரணி தவறிழைக்கும்போது தடுப்பாரின்றிக் கூடையை நோக்கி எறியக் கிடைக்கும் வாய்ப்பில், 1993-94 பருவத்தில் 229 முறை எறிந்து 219 முறை வென்றார். தவறவிட்டது பத்தே பத்து!

இனி 1996. ஆட்டத்துக்கு முன் அமெரிக்க நாட்டுப்பண் ஒலிக்கும் வேளையில் அவர் எழுந்து நிற்பதைத் தவிர்த்து வந்தார். அக்கொடி பலருக்கு ஒடுக்குமுறையின் அடையாளமாகவும் இருக்கிறது, தம் மனச்சாட்சிக்கு அது ஒவ்வவில்லை என்பது அவர் சொன்ன காரணம். மார்ச் 12ஆம் நாள் சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. ஆடாத ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 31,707 டாலர் இழப்பு. ஆண்டுச் சம்பளமான 26 லட்சம் டாலரை 82 ஆட்டங்களால் வகுத்துப் பார்த்தால் இத்தொகை வரும். ஓர் ஆட்டத்தோடு சமரசம் ஏற்பட்டது. நிற்பார், ஆனால் தலை தாழ்த்தி, கைகளை ஏந்தித் துஆ செய்வார். மார்ச் 15 அன்று சிகாகோ அரங்கில் அவ்வாறே நின்றார்.

முஸ்லிம்கள் அனைவரும் அவரை ஆதரித்தனர் என்று எண்ணிவிட வேண்டாம். அதே களத்தின் மாபெரும் ஆட்டக்காரரும் பேணுதலான முஸ்லிமுமான ஹக்கீம் ஒலாஜுவான், நாட்டை மதிப்பதும் மார்க்கத்துக்கு உட்பட்டதே என்று கருத்துரைத்தார். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்கும் வழக்கமுடைய நமக்கும் ஹக்கீமின் சொல்லே நெருக்கமாகத் தோன்றும். எனினும் ஒரு மனிதர் தம் நம்பிக்கைக்காக வருவாயை இழக்க முன்வந்தார் என்பதை யார் மறுக்க முடியும்? டென்வர் நகர வானொலி நிலையத்தார் சிலர் பள்ளிவாசலுக்குள் புகுந்து எக்காளத்தில் நாட்டுப்பண்ணை ஊதிய அநாகரிகமும் அந்நாட்களில்தான் நிகழ்ந்தது.

அப்பருவத்தில் ஆட்டத்துக்கு 19.2 புள்ளிகள் எடுத்தவரை, பருவம் முடிந்ததும் சாக்ரமெண்டோ அணிக்கு மாற்றிவிட்டனர். அங்கு ஆடும் நேரம் குறைந்தது. 1998இல் ஒப்பந்தம் முடிந்தபோது வயது 29, அழைப்பாரில்லை.

இங்கிருந்துதான் அவருடைய கடல்கடந்த வாழ்வு தொடங்குகிறது. முதலில் இஸ்தான்புல் நகரின் ஃபெனர்பாச்சே கழகம் (1998-99). வெளிநாட்டுக் கழகங்களில் ஆடும் அமெரிக்கரின் நிலை, வளைகுடாவுக்குப் பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகளின் நிலைக்கு ஒருவகையில் ஒப்பானது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே. தங்குமிடத்தைக் கழகமே தரும். மொழியும் உணவும் புதியவை. ஓர் அணியில் அந்நியருக்கு உள்ள இடங்கள் சில மட்டுமே. ஆகவே அவ்விடத்தைப் பெற்றவர் ஒவ்வோர் இரவும் புள்ளி குவித்தாக வேண்டும். இல்லையேல் அடுத்தவர் வந்துவிடுவார். ஆட்டமும் சற்றே வேறுபட்டது. அமெரிக்காவில் 48 நிமிடம், இங்கே 40. மூன்று புள்ளிக் கோடு அன்று 6.25 மீட்டரில் இருந்தது. அமெரிக்கக் கோட்டைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் அருகில். தொலைவெறிதலில் தேர்ந்த அவருக்கு இது பாதகமன்று.

இடையில் 2000-01இல் வான்கூவர் அணி அழைத்தது. என்.பி.ஏ.வில் அதுவே அவருடைய இறுதிப் பருவம். மிசிசிப்பியில் அவர் கட்டிய வீட்டில் இனவெறிக் கும்பலின் பெயரெழுத்துகள் பூசப்பட்டிருந்தன. 2001இல் அவ்வீடு தீக்கிரையானது. சில காலம் ஆட்டமின்றிக் கழிந்தபின், 2003-04இல் உறைபனி சூழ்ந்த ரஷ்ய நகரான பெர்மின் உரால் கிரேட் அணி. அடுத்த ஆண்டு இத்தாலியின் கடலோரச் சிற்றூரான ரோசெட்டோ. 2006-07இல் கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரத்து அரிஸ். பின்னர் சவூதியின் அல் இத்திஹாத். வெவ்வேறு மொழி, வெவ்வேறு காலநிலை. வளையத்தின் உயரம் மட்டும் எங்கும் ஒன்றே.

2009இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஹன்னரிஸ் என்னும் புதிய அணி தோன்றியது. அவ்வணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 40. தம்மினும் பல வயது இளைய வீரர்களுடன் 2011 வரை அங்கே ஆடினார். ஓய்வு பெற்ற வீரர்கள் அணிக்கு மூவராக மோதும் பிக்3 போட்டியில் 2017இல் மீண்டும் களமிறங்கினார்.

2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் நாட்டுப்பண்ணின்போது எழாதிருந்தபோது, இருபதாண்டு கழித்துச் செய்தியாளர்களுக்கு மஹ்மூதின் நினைவு வந்தது. 2020இல் லூசியானா பல்கலைக்கழகம் அவர் அணிந்த 35ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று அரங்கின் உச்சியில் ஏற்றியது. கிறிஸ் ஜாக்சனாக ஆடிய அந்தக் களத்தின்மேல், இன்று தொங்கும் பதாகையில் உள்ள பெயர் அப்துர் ரவூஃப்.