பணியிட உரையாடலில் இடப்பெயர்களும் தலைமையும்: திருவனந்தபுரச் சூழல்

பணியிடத் தொடர்பாடலும் தலைமையும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோர் ஆங்கில வினாநிரல்களைத் தமிழாக்கிப் பயன்படுத்துவதுண்டு. தலைவர் கட்டளையிடுகிறாரா, கலந்து பேசுகிறாரா என்பன போன்ற வினாக்கள் அவற்றில் இடம்பெறும். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் திருவனந்தபுரத்தில் இம்முறை போதாது. இங்குத் தலைமையுறவு இடப்பெயர்களிலேயே வெளிப்பட்டு விடுகிறது.

தமிழில் 'நீங்கள்' என்பது மேலதிகாரியிடமும் தடையின்றி வழங்கும் மரியாதைப் பன்மை. மலையாள 'நிங்ஙள்' அதன் இனச்சொல்லே. ஆயினும் தென்கேரளத்தில் மேலோரை அவ்வாறு சுட்டுதல் மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படுகிறது. 'தாங்கள்' எழுத்திலும் மேடையிலும் பயில்வது. அலுவலகப் பேச்சில் செயற்கையாக ஒலிக்கும். ஆகவே பேசுவோர் முன்னிலைப் பெயரைத் தவிர்த்து, 'சார் பறஞ்ஞு' என, 'சார்' என்பதையே எழுவாயாக்குவர். மலையாள வினைமுற்று பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டமையால் இது எளிதில் இயல்கிறது. தமிழில் 'சார்' என்று தொடங்கினாலும் 'சொன்னீர்கள்' என முடித்தாக வேண்டும். விகுதி முன்னிலையைக் காட்டிக் கொடுத்துவிடும். மதுரையிலிருந்து வந்து பணியேற்ற ஒருவர் 'நிங்ஙள் பறஞ்ஞு' என்று மிகப் பணிவுடன் கூறினாலும், கேட்பவர் செவியில் அது துடுக்காகவே விழக்கூடும். பிழை இலக்கணத்திலன்று, இனச்சொல்லை நம்பியதில் உள்ளது.

முன்னிலைப் பெயர்களை அதிகாரம், தோழமை என்னும் இரண்டு அளவுகோல்களால் விளக்கிய பிரௌன், கில்மன் ஆகியோரின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரை பெயரைத் தெரிந்தெடுப்பதையே பெரிதும் பேசுகிறது. பெயரைத் தவிர்த்தலும் அத்துணை முதன்மையானது என்பதே இச்சூழல் காட்டும் செய்தி. பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி 2021இல் தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்னும் விளிகளை விலக்கித் தீர்மானம் இயற்றியது. அவ்விடத்தை எச்சொல் நிரப்புகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

தன்மைப் பன்மையில் சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் தோல்வியுற்றது. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான அத்திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். எனினும் செய்தியாளரைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18ஆம் நாள் வெற்றி கிட்டியபோது அப்பணியைக் கலாமிடம் விட்டார். இதனைக் கலாமே பல மேடைகளில் கூறியுள்ளார். இத்தகைய பேச்சில் வரும் ஆங்கில 'வீ' என்பதைத் தமிழாக்குவோர் என் செய்வது? செய்தியாளர் முன்னிலையில் 'நாங்கள் தவறினோம்' என்பதே பொருந்தும். பணிக்குழுவிடம் 'நாம் தவறினோம்' எனல் வேண்டும். அங்கு 'நாங்கள்' என்றால் தலைமை வேறு, குழு வேறு என்றாகிவிடும். மலையாளத்திலும் 'ஞங்ஙள்', 'நம்மள்' என இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை.

வினாநிரலில் 'நம் குழு' என அச்சிட்டால் வினவும் ஆய்வாளரும் குழுவினுள் அடங்கிவிடுகிறார். 'எங்கள் குழு' எனின், தாள் மேலதிகாரி வழியே திரும்புமிடத்து அவர் வெளியே நிறுத்தப்படுகிறார். விடையளிப்போர் இவ்விரண்டிற்கும் ஒரே விடையைத் தருவர் என்று கொள்வதற்கில்லை.