வீட்டு ஒலிபெருக்கியை மதிப்பிடுவது எவ்வாறு?

லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள சிம் லிம் சதுக்கத்திலிருந்து கோல்மன் தெருவிலுள்ள அடெல்ஃபி கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் விலையைக் கொண்டு பார்த்தால் அவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள். முன்னதில் சில பத்து வெள்ளிக்குக் கணினி ஒலிபெருக்கி கிடைக்கும். பின்னதோ, ஓர் இணைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுக்கத் தயங்காத இசைச் சுவைஞர்கள் நாடும் கடைகளுக்குப் பெயர்பெற்றது. அச்சுவைஞர்கள் மலிவான கருவியைக் கேட்டுவிட்டு, இது ஒலிபெருக்கியே அன்று என ஒதுக்குவர். அத்தீர்ப்பை நம்பித் தேவைக்கு மேல் செலவிடும் குடும்பங்களும் உண்டு. வாங்கும் எண்ணத்தையே கைவிடும் குடும்பங்களும் உண்டு. ஆதலின் அத்தீர்ப்பு எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்வது பயனுடையது.

எடுத்துக்காட்டை வெளியே தேட வேண்டுவதில்லை. 1981இல் சிம் வோங் ஹூ, இங் காய் வா ஆகியோர் சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையால் உலகப் புகழ் பெற்றது. அந்நிறுவனத்தின் மலிவான ஒலிபெருக்கிகளுள் ஒன்று பெபிள். அதன் ஒலிக்கூம்பு 2 அங்குலமே. நொடிக்கு 100 முதல் 17,000 அதிர்வு வரை ஒலிக்கும் என்பது அதன் குறிப்பு. மனிதச் செவியின் எல்லையோ 20 முதல் 20,000 வரை என்பர். எனவே அடியில் இரண்டு ஸ்தாயிக்கும் சற்று மேலாகவே விடுபட்டுப் போகிறது.

இது செய்தவர் குறை அன்று, இயற்பியலின் கட்டளை. தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த காற்றைத் தள்ள வேண்டும். ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பு, 2 அங்குலக் கூம்பின் பரப்பைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. மேலும், அதே உரப்பில் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கினால் கூம்பு 4 மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறு கூம்பால் அது ஆகாது.

எனினும் காதுக்கு ஒரு விந்தையான ஆற்றல் உண்டு. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 அதிர்வு வரையே கடத்தியது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வோ 120 அளவில் இருப்பது. அஃது அறவே வராதபோதும் தந்தையின் குரலைப் பெண் குரலென எவரும் மயங்கியதில்லை. மேலே உள்ள இசையியைந்த துணையொலிகளைக் கொண்டு, வாராத அடிப்படையைச் செவியே உய்த்துணர்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை, தோலின் துணையொலிகளை இவ்வாறு இசையியைந்த வரிசையில் அமைக்கிறது என்பதை சர் சி. வி. இராமன் 1920இல் விளக்கினார். சிறு பெட்டியிலும் வலந்தலையின் சுருதி நிற்பது அதனாலேதான். தொப்பியின் கும்காரம் மட்டும் மெலிந்துவிடும். தவில் கேட்போர் இதனை ஏற்கமாட்டார்.

தமிழாசிரியருக்கு முதன்மையானது வேறொன்று. ல, ழ, ள ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,500க்கும் 3,000க்கும் இடையில் உள்ளன. அவ்விடத்தில் மேடு பள்ளமின்றி ஒலிக்கும் பெட்டி, அடியொலி குறைந்ததாயினும், உரைக்கும் பாட்டுக்கும் நல்ல பெட்டியே. அதற்கு மாறாக, 'அதிரும் பாஸ்' என விளம்பரம் செய்யப்பட்டு, 150 அதிர்வை ஒட்டி மட்டும் வீங்கி முழங்கும் பெட்டிகள் சொல்லை மூடிவிடுகின்றன. இல்லாத அடியொலியைவிடப் பொய்யான அடியொலியே பெருங்குறை. இசைச் சுவைஞர் இக்குறையைக் கண்டித்தால் அவர் பக்கமே நியாயம்.

ஆனால் அவர் கண்ணையும் சற்று ஐயுற வேண்டும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னும் திரையின்றியும் கேட்கச் செய்தனர். உருவத்தைக் கண்டவுடன் மதிப்பெண்கள் மாறின; சிறிய, விலை குறைந்த அமைப்பு தாழ்வுற்றது. செவி பயின்றவர்களும் இதற்கு விலக்கல்லர்.

தொலைவையும் கருத வேண்டும். திறந்தவெளிக் கணக்கின்படி தொலைவு இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரில் 1 வாட் செய்வதை 2 மீட்டரில் செய்ய 16 வாட் வேண்டும். மேசைமேல் வைத்துக் கேட்கப் பிறந்த பெட்டியை நடுக்கூடத்தில் நிறுத்திப் பழிப்பது முறையன்று. வீவக வீட்டின் 4 மீட்டர் நீள அறையோ 43 அதிர்வை ஒட்டித் தானே முழங்கும். அங்கே பெரும்பெட்டியும் பலவேளை குழம்பவே செய்யும்.

வாங்கச் செல்வோர், நன்கு பழகிய ஒரு பாட்டையும் தெளிவான ஓர் உரையையும் கைப்பேசியில் கொண்டுசெல்லலாம். இரு பெட்டிகளையும் ஒரே உரப்பில் வைத்தே ஒப்பிட வேண்டும்; சற்று உரக்க ஒலிப்பதே மேலானதாகத் தோன்றும் என்பது கடைக்காரர் அறிந்த செய்தி. வீட்டுக்கு வந்தபின் சுவர் மூலையை விட்டு விலக்கி, கூம்பு செவியை நோக்கும்படி வைத்தல் வேண்டும். இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை.